செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: நடந்து போகிறவர்களும் மிதிவண்டியில் போகிறவர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டில் நம் குடியிருப்போர் நலச் சங்கம் ஆற்றிய பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். குடிநீர், குப்பை, தெருவிளக்கு பற்றிய விவரங்கள் அச்சிட்ட தாளாக ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்திருக்கும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே, சென்ற பொதுக்குழு தீர்மானம் போட்டு செயற்குழுவிடம் ஒப்படைத்த பொறுப்பைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். நம் பகுதியின் பிரதான சாலையில் நடந்து போகிறவர்களுக்கும் மிதிவண்டியில் போகிறவர்களுக்கும் பாதுகாப்பு ஏற்படுத்துவதே அந்தப் பொறுப்பு. அதில் பாதிதான் நடந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவையில் கடந்த சில ஆண்டுகளாகப் பல சந்திப்புகளில் சிக்னல்களை எடுத்துவிட்டு, ரவுண்டானாவும் யூ-டர்னும் அமைத்து வருகிறார்கள் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. வாகனங்கள் தேங்கி நிற்பது இதனால் குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. காரில் போகும் நாட்களில் எனக்கும் அது வசதியாகவே இருக்கிறது. ஆனால் சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்த அந்த அரை நிமிடத்தில்தான் நம்மவர்கள் எதிர்ப்புறத்து பஸ் நிறுத்தத்துக்கும், ரேஷன் கடைக்கும், பள்ளிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நம் சந்திப்பில் சிக்னலை எடுத்தபோது அந்த அரை நிமிடமும் சேர்ந்து போனது. வாகனங்கள் திரும்புவதற்கு வேறு இடம் காட்டினார்கள். மனிதர்கள் கடப்பதற்கு எந்த இடத்தையும் காட்டவில்லை.

இதன் கடுமையைச் செயற்குழுக் கூட்டம் ஒன்றில் எங்களுக்கு விளங்க வைத்தவர் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர். நம் சாலை நான்கு தடம், ஏறத்தாழ 14 மீட்டர் அகலம். திடமாக நடப்பவரின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துத்தான் சாலைப் பொறியாளர்கள் கணக்குப் போடுவது வழக்கம்; அந்தக் கணக்கின்படி கடப்பதற்கு 12 நொடி வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் அந்த 12 நொடியில் 167 மீட்டர் வந்துவிடும். அதாவது, இருபுறமும் அவ்வளவு தூரத்துக்கு வாகனமே இல்லாத நேரம் பார்த்துத்தான் ஒருவர் காலை எடுத்து வைக்க முடியும். மூட்டு வலியோடு நடக்கும் ஒரு பாட்டிக்கு நொடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தால், அந்தத் தூரம் ஏறத்தாழ 240 மீட்டராகிறது. காலை எட்டரை மணிக்கு நம் சாலையில் அப்படியோர் இடைவெளி கிடைக்குமா என்பதை உறுப்பினர்களே அறிவீர்கள். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும், அதாவது 7 மீட்டரை மட்டும் கடந்தால் போதும். வேகம் 30 கிலோமீட்டராகக் குறைந்தால் தேவைப்படும் தூரம் இன்னும் சுருங்கும். ஓட்டுநர் பார்த்த நொடியிலிருந்து வண்டி நிற்பதற்கு ஆகும் தூரமும் உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 28 மீட்டரிலிருந்து 13 மீட்டராகக் குறையும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, "பார்த்துக் கடக்கக் கூடாதா?" என்று நடப்பவரைக் கேட்கும் பேச்சு நம் செயற்குழுவில் எழவில்லை.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நம் கவலை தனிப்பட்டதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி 2023ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,72,890 பேரில் 35,221 பேர் நடந்து சென்றவர்கள். அதே ஆண்டில் மாநிலங்களிலேயே மிக அதிகமாக 67,213 விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்; அவற்றில் 18,347 பேர் இறந்தார்கள்.

இனி நாம் செய்தவை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காலையும் மாலையும் நம் உறுப்பினர்கள் முறைவைத்து, கையில் 'நில்' பலகையும் விசிலும் வைத்துக்கொண்டு, பள்ளி மாணவர்களையும் முதியவர்களையும் சாலையைக் கடக்கச் செய்தார்கள். இதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. பேக்கரிக்காரர் நின்றவர்களுக்கு டீ கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். ஆயினும் ஒரு நாள் மாலை, முன்னால் நின்ற லாரியை முந்தி வந்த இருசக்கர வாகனம் நம் உறுப்பினர் ஒருவரின் கைப்பலகையைத் தட்டிவிட்டுப் போனது. அவருக்குக் காயமில்லை. வாகனங்களை நிறுத்தும் அதிகாரம் தன்னார்வலர்களுக்கு இல்லை என்று காவல்துறையினரும் அறிவுறுத்தவே, மார்ச் முதல் அப்பணியை நிறுத்தினோம். இது சிலருக்கு வருத்தம். ஆனால் ஒரு சாலையின் குறையை ஆட்களின் உடலைக் குறுக்கே நிறுத்தி ஈடுகட்டும் வழியை ஆண்டு முழுவதும் தொடர்வது சரியில்லை என்பதே என் கருத்து. அடுத்த முறை வருவது லாரியாகவே இருந்திருக்கலாம்.

அதன்பின் மனு கொடுக்கும் வழிக்குத் திரும்பினோம். நாம் கேட்டவை மூன்று: கடப்பவர் பொத்தானை அழுத்தினால் வாகனங்களுக்குச் சிவப்பு விழும் சிக்னல், சாலையின் நடுத்தடுப்பில் (சென்டர் மீடியனில்) நின்று கடப்பதற்கான திட்டு, ஜீப்ரா கோடு. சாலை எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளவே கோடை முடிந்துவிட்டது; ஓர் அலுவலகத்தில் பெற்ற கடிதத்தை இன்னொன்றில் கொடுப்பதும், அங்கிருந்து முதல் அலுவலகத்துக்கே திரும்பி வருவதுமாக நானும் இணைச் செயலாளரும் அலைந்த கதையை இங்கே விரிக்கவில்லை. முடிவில் ஜீப்ரா கோடு போடப்பட்டது. மீடியனில் இருந்த குறுகிய இடைவெளியை அகலப்படுத்தி, இருபுறமும் கான்கிரீட் தடுப்பு வைத்து, நாலைந்து பேர் நிற்கும்படி திட்டும் அமைத்தார்கள். பொத்தான் சிக்னல் மட்டும் இன்னும் வரவில்லை.

கோடு மட்டும் போதுமா என்றால், போதவில்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படி, சாலையைக் கடப்பதற்கென ஒதுக்கிய, சிக்னல் இல்லாத இடத்தில் நடப்பவருக்கே ஓட்டுநர் வழிவிட வேண்டும். இந்த விதியை நம் உறுப்பினர்களிடையே சொன்னபோது, வாகனம் ஓட்டும் பெரும்பாலானவர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். நானும் அவர்களில் ஒருவன். கோடும் ஐப்பசி மழைக்குப் பிறகு பாதி அழிந்து கிடக்கிறது. திட்டுதான் உண்மையில் பயன்பட்டது. இப்போது பாட்டிமார்கள் பாதிச் சாலையைக் கடந்து, அங்கே நின்று, மறுபாதியைப் பார்க்கிறார்கள்.

பொத்தான் சிக்னலுக்குப் பதிலாக நடைமேம்பாலம் கேட்கலாம் என்று செயற்குழுவில் ஒரு தரப்பு வலியுறுத்தியது. வாகனங்களையும் நிறுத்தாமல் மனிதர்களையும் கடக்க வைத்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். அதை ஏற்காததற்குக் காரணம் படிகள். கீழே கனரக வாகனம் போக 5.5 மீட்டர் உயரமாவது விட வேண்டும். 15 சென்டிமீட்டர் படி என்று கொண்டாலும் 37 படி ஏறி, மீண்டும் 37 படி இறங்க வேண்டும். மின்தூக்கி வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். பழுதான மின்தூக்கியை யார் சரிசெய்வது என்ற கேள்வி உடனே வரும். அக்டோபரில் அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டதில் எல்லோரையும் போல நாமும் மகிழ்ந்தோம். ஆனால் வாகனம் மேலே ஏறுவதற்கு எரிபொருள் இருக்கிறது. அதே கணக்கை முழங்காலுக்குப் போட முடியாது. வாக்கெடுப்பில் நடைமேம்பாலத் தீர்மானம் ஓரிரு வாக்குகளில்தான் தோற்றது என்பதையும் பதிவு செய்கிறேன்.

நடைபாதைக்கு வருகிறேன். ஏப்ரல் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டுமாகப் போய் நம் தெருக்களின் நடைபாதைகளை அளந்தோம். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது என்றும் சொல்கிறது. அகலம் பல இடங்களில் தாளில் இருக்கிறது. தரையில் டிரான்ஸ்பார்மர், கேபிள் பெட்டி, நிறுத்திய ஸ்கூட்டர், கட்டுமான மணல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அதை மறிக்கின்றன. உயரமோ சில இடங்களில் முழங்காலைத் தொடுகிறது. இப்படி ஏறி ஏறி இறங்குவதைவிட ரோட்டோரமாகவே நடந்து போய்விடலாம் என்று முதியவர்கள் நினைப்பதில் தவறில்லை.

ஆனால் தடைகளில் கணிசமான பங்கு நம்முடையதே. காரை உள்ளே ஏற்ற நாம் வீட்டு வாசலில் போட்டுக்கொண்ட சாய்தளங்கள் நடைபாதையைக் குறுக்கே வெட்டி, தெருவுக்குள்ளும் நீண்டிருக்கின்றன. என் வீட்டுச் சாய்தளமும் அவற்றில் ஒன்று. அதை மே மாதத்தில் இடித்து, மதிலுக்கு உட்புறமாகச் சரிவு அமைத்தேன்; அதன் பிறகே மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்ட எனக்கு வாய் வந்தது. பல குடும்பத்தார் ஒத்துழைத்தார்கள்; சிலர் இன்னும் இசையவில்லை. சாலையோரப் பூக்காரரையும் இளநீர்க்காரரையும் முதலில் அப்புறப்படுத்துங்கள் என்று சிலர் கூறினார்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அவர்கள் இருக்கும் இடத்தில்தான் இரவு ஏழு மணிக்கும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கின்றன, பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள். ஆகவே செயற்குழு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை.

வேகத்தடையைப் பற்றி ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் நம் சங்கமே, மீந்த கான்கிரீட்டைக் கொண்டு, யாரிடமும் அனுமதி பெறாமல் இரண்டாவது குறுக்குத் தெருவில் ஒரு வேகத்தடை போட்டது. அது வேகத்தடையாக இல்லாமல் ஒரு சுவராகவே இருந்தது. இந்த ஆண்டு, இருசக்கர வாகனத்தின் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து வந்த ஒரு பெண்மணி அதில் தூக்கி எறியப்பட்டு இடுப்பில் அடிபட்டார். சாலைப் பேராயத்தின் வழிகாட்டியில் உள்ள வளைந்த வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம் உடையது. நம்முடையது அதே உயரத்துக்கு அரை மீட்டர்கூட இல்லை. ஜூலையில் அதை உடைத்தெடுத்து, முறையாக அனுமதி பெற்று, முன்னறிவிப்புப் பலகையும் வெள்ளைப் பட்டையுமாக மீண்டும் அமைக்கச் செய்தோம். அந்தக் குடும்பத்தாரிடம் சங்கத்தின் சார்பில் நேரில் மன்னிப்புக் கேட்டோம்.

மிதிவண்டிக்காரர்களைப் பொறுத்தவரை நம் பகுதியில் இரு வகையினர் உள்ளனர்: மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளர்களும், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளும். முன்னவர்களின் வண்டிகளுக்குப் பின்பக்கச் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டிக் கொடுத்தோம். அதற்கான செலவை ஓர் உறுப்பினர் ஏற்றார். பின்னவர்களைப் பற்றி வந்த புகார், அவர்கள் எதிர்த்திசையில் ஓட்டுகிறார்கள் என்பதாகும். விசாரித்தபோது, பள்ளி கண்ணெதிரே இருக்க, யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வர வேண்டுமென்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கூடுதலாக மிதிக்க வேண்டியிருப்பது தெரிந்தது. அதுவும் வேகமாகத் திரும்பும் பஸ்களுக்கு நடுவே. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டு, புதிய திட்டின் வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு கடக்கலாம் என்று பள்ளி நிர்வாகத்தோடு பேசி ஏற்பாடு செய்தோம். எதிர்த்திசை ஓட்டம் முழுதும் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

ஆகஸ்டில் முதலுதவிப் பயிற்சி நடத்தினோம். விபத்தில் உதவுகிறவரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்கும் 134ஏ பிரிவு 2019ஆம் ஆண்டிலேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது என்பதும், 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும் என்பதும் பலருக்குப் புதிய செய்திகளாக இருந்தன.

நீதிமன்றச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கு இன்னும் பயன் தந்துகொண்டிருக்கிறது. அதே வழக்கில்தான் இவ்வாண்டு மே மாதம், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் கூறு காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. அக்டோபரில், நடப்பவர்களைப் பற்றிய விதிகளை ஆறு மாதங்களுக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இவ்விரு உத்தரவுகளையும் இணைத்துத்தான் நவம்பரில் நம் கடைசி மனுவைக் கொடுத்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு முன்மொழிவன: பொத்தான் சிக்னலுக்கான மனுவைத் தொடர்ந்து வலியுறுத்துவது, அழிந்த ஜீப்ரா கோட்டை மறுபடி போடக் கோருவது, மீதமுள்ள வாசல் சாய்தளங்களைச் சித்திரைக்குள் ஒழுங்குபடுத்துவது, குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர் வேக வரம்புப் பலகை வைக்க அனுமதி கேட்பது.

முறைவைத்துச் சாலையில் நின்ற உறுப்பினர்களுக்கும், அளவெடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், டீ கொடுத்த பேக்கரிக்காரருக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று, மேற்கண்ட முன்மொழிவுகளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்