எக்ஸ்காம் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிராக்ஸிஸ் டீமுக்கு வணக்கம்.

ஏலியனுங்களோட டர்ன் டர்னா சண்டை போடற உங்க எக்ஸ்காம் 2 கேம் வந்தது 2016ல, இன்னிக்கும் அதைத்தான் திரும்ப திரும்ப விளையாடிட்டு இருக்கோம், அதனால இதை திட்டி எழுதுன லெட்டரா எடுத்துக்காதீங்க. அடுத்த எக்ஸ்காம்னு ஒண்ணு எப்பவாச்சும் பண்ணா கவனிங்கன்னு சொல்லத்தான் இது. ஏலியன்கிட்ட தோக்கறதுல எங்களுக்கு வருத்தமே இல்ல, ஆள் சாகணும், அதான் கேமே. ஆனா நான் எடுத்த முடிவால சாகட்டும், ஸ்கிரீன் சொல்லாம விட்டதால சாக வேணாம்.

மாடி வச்ச பில்டிங்கையே எடுத்துக்கோங்க. கீழ் மாடி ஜன்னல்கிட்ட ரேஞ்சரை (நம்ம டீம் சிப்பாய் ஒருத்தி) அனுப்பலாம்னு கர்சரை வைக்கிறோம், கேமரா லேசா அசைஞ்சதும் கர்சர் தாவி மொட்டை மாடிக்கு போயிடுது, அதை கவனிக்காம கிளிக் பண்ணா அந்தம்மா பைப்பை புடிச்சு ஏறி ஒரு மறைப்பும் இல்லாத எடத்துல போய் நிக்குது. சுத்தி மூணு ஏலியன். அயர்ன்மேன்ங்கற மோடுல இருக்கறதே ஒரே சேவ், அதையும் கேமே எழுதிடும், அவ்ளோதான் சோலி முடிஞ்சது. மூவை வாபஸ் வாங்க விட்டா வேவு பாக்க யூஸ் பண்ணுவாங்கன்னு நீங்க பயப்படறது புரியுது. அப்ப இப்படி வைங்க: புதுசா எந்த எதிரியும் எடமும் கண்ணுல படல, ஓவர்வாட்ச்ல (எதிரி நகர்ந்தா சுட காத்திருக்கறது) யாரும் சுடலன்னா மட்டும் அன்டூ, அதாவது மூவை வாபஸ் வாங்கலாம். 2018லயே இன்ட்டு த ப்ரீச்ல மூவை அன்டூ பண்ண முடியும், அதனால அந்த கேம் ஒண்ணும் ஈஸி ஆகிடல.

அடுத்தது ஃப்ளாங்க், அதாவது எதிரியோட மறைப்புக்கு சைடுல போய் அடிக்கறது. ஒரு கட்டத்துக்கு போனா எதிரி தெரிவானான்னு குட்டியா ஐகான் காட்டறீங்க, நல்லது. ஆனா சைடுல இருந்து அடிக்க முடியுமான்னு அங்க போய் நின்னப்புறம்தான் தெரியுது. ஃபுல் கவர் (முழு மறைப்பு) 40 டிஃபென்ஸ், ஹாஃப் கவர் (பாதி மறைப்பு) 20, குறி படற வாய்ப்புல அவ்ளோ கொறையும், ஃப்ளாங்க் பண்ணா அது மொத்தமும் போயிடும், இவ்ளோ பெரிய விஷயத்தை கண்ணளவுல ஊகிக்க சொல்றது என்ன நியாயம்? காட்சான்னு ஒரு மாட் (ரசிகர்கள் பண்ற ஆட்-ஆன்) போட்டா முன்னாடியே காட்டுது. எவாக் ஆல் மாட் இருக்கறதால களத்தை விட்டு கெளம்பறப்ப எல்லாரையும் ஒரே பட்டன்ல விமானத்துல ஏத்தறோம், இல்லன்னா ஒவ்வொரு ஆளும் கயிறு புடிச்சு மேல போறதை வேடிக்கை பாக்கணும். ஸ்டாப் வேஸ்டிங் மை டைம்னே ஒருத்தர் மாட்டுக்கு பேர் வச்சிருக்காரு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

ஹிட் சான்ஸ், அதாவது சுட்டா படற வாய்ப்பு பத்தி பேசாம முடிக்க முடியாது. 95 சதவீதம்னு காட்டியும் மிஸ் ஆறதை பத்தி புலம்ப வரல, மிஸ் ஆகத்தான் செய்யும். ஆனா கீழ் டிஃபிகல்ட்டில காட்டுற நம்பருக்கு மேல ஓசையில்லாம கொஞ்சம் கூட்டி போடறீங்க, தொடர்ந்து மிஸ் ஆனா இன்னும் கூட்டறீங்க. 70ன்னா பட்டுடும்னு பழகினவன் லெஜன்டுங்கற ரொம்ப கஷ்டமான லெவலுக்கு போனதும் அந்த உதவி கழண்டுக்குது, அவன் கேம் ஏமாத்துதுன்னு கத்தறான். உதவி பண்ணுங்க, வேணாம்னு சொல்லல, அந்த போனஸையும் சேத்து ஸ்கிரீன்ல போடுங்க.

பாட் விஷயம் கொஞ்சம் பெருசு. பாட்னா கூட்டமா நிக்கற ஏலியனுங்க, அதுங்களை நாம பாத்த உடனே அதுங்களுக்கு ஃப்ரீயா ஒரு ஓட்டம், நேரா கவருக்கு போயிடுதுங்க. அதனால கடைசி ஆளோட கடைசி மூவ்ல பாட் தெரிஞ்சா அந்த டர்ன் காலி, எல்லாரும் முன்னாடி போகவே பயந்து ஓவர்வாட்ச் போட்டு போட்டு நகர்றாங்க, அதை ஒடைக்க இத்தனை டர்ன்ல முடிக்கணும்னு நீங்க டைமர் கொண்டு வந்தீங்க. டைமர் எனக்கு புடிக்கும், ஆனா அது வியாதிக்கு மருந்து இல்ல. திடீர்னு மாட்டுன கூட்டத்துல ஒண்ணு ரெண்டாவது தெகச்சு நின்ன எடத்துலயே நிக்கட்டும், முன்னாடி போய் பாக்கறவனுக்கு ஒரு லாபம் வேணும்ல.

ஜியோஸ்கேப்ல (ரெண்டு மிஷனுக்கு நடுவுல வர்ற உலக மேப்) ஸ்கேன் ஆரம்பிச்சு ரெண்டு நாள் ஓடறதுக்குள்ள யாராச்சும் கூப்பிட்டுடறாங்க. அவசரம் இல்லாததை ஓரமா அடுக்கி வைங்க, நாங்களே பாத்துக்கறோம்.

இதுல ஒண்ணுதான் பண்ண முடியும்னா அன்டூவை பண்ணுங்க, பாட் அப்புறம் பாத்துக்கலாம்.