விரல் கறுக்கும் முன் அட்டை வேண்டும்

மதிப்புக்குரிய சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு,

வன்னியில் சூடடிப்புக் காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மெஷின் பெல்ற்றில் கை போவதும் புதிதல்ல. இம்முறை போனது என் தம்பியின் வலது பெருவிரல்.

துண்டை ஈரச் சீலையில் சுற்றி, பையில் கட்டி, ஐஸ் மேல் வைத்துக்கொண்டு ஏ9 வீதியில் ஓடினோம். சத்திரசிகிச்சை நிபுணர் விடியும்வரை நின்று ஒட்டினார். அவரை நாங்கள் மறக்கமாட்டோம். முதல் நாள் நகம் ரோசா நிறமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் விரல் நாவல்பழம் மாதிரி வீங்கிவிட்டது. தாதி ஊசியால் குத்தியபோது கறுத்த இரத்தம்தான் கசிந்தது. இரத்தம் உள்ளே போகிறது, திரும்பி வர நாளம் விடவில்லை என்றார் டொக்டர். தேங்கிய இரத்தத்தை உறிஞ்ச அட்டை இருந்தால் விட்டுப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். ஐந்தாம் நாள் விரலை எடுத்துவிட்டார்கள்.

அட்டை என்று டொக்டர் சொன்னதுமே அதைப் பிடிக்க அம்மா குளத்துக்குப் போகவே வெளிக்கிட்டார். டொக்டர்தான் மறித்தார். வளர்ப்பு அட்டை விடும்போதே அதன் குடலில் இருக்கும் ஏரோமோனாஸ் கிருமிக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டுமாம். எருமையில் ஒட்டிய அட்டையை எப்படி நம்புவது?

ஒரு அட்டை அரை மணி நேரமளவில் குடிப்பது 5 முதல் 15 மில்லிலீற்றர்தான். ஆனால் அதன் எச்சிலில் உள்ள ஹிருடின் இரத்தத்தை உறைய விடாது. அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசியும். புது நாளம் முளைக்கும் சில நாட்களுக்கு விரலை உயிரோடு வைத்திருப்பது அந்தக் கசிவுதான். 1985இல் பொஸ்டனில் ஒரு சிறுவனின் ஒட்டிய காதை இப்படித்தான் காப்பாற்றினார்கள். 2004இல் அமெரிக்க அரசே இதை அங்கீகரித்தது. எங்கள் சித்த வைத்தியத்திலும் அட்டை விடுதல் பழைய முறைதான்.

விரல் ஒட்டும் ஆஸ்பத்திரியில் வளர்ப்பு அட்டை இருக்க வேண்டும். குளோரின் இல்லாத தண்ணீர், குளிரான ஒரு இடம், பழக்கிய இரண்டு தாதிகள். இதற்குமா கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? கட்டடம் திறக்க எல்லோரும் வருகிறீர்கள். ஷெல் பட்ட கையோடும் காலோடும் வாழ்கிற சனம் இது. இருக்கிற விரலையாவது காப்பாற்றித் தாருங்கள் என்று எத்தனை தரம் கேட்பது?

மன்னியுங்கள், கோபத்தில் எழுதிவிட்டேன். தம்பிக்குச் சாரத்தை இறுக்கி உடுக்கக்கூட இன்னும் கை வரவில்லை.

அடுத்த காலபோகச் சூடடிப்புக்கு முன் அந்த அட்டைகளை வாங்கி வையுங்கள். தயவாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஒரு விவசாயி