கொங்ரீட் போடுறதுக்கு முன்னால தண்ணிக்கு வழி விடுங்க

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் ஐயாவுக்கும், உறுப்பினர்மாருக்கும், எங்க தோட்டத்து மேனேஜர் தொர ஐயாவுக்கும் வணக்கம்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்னோட மேல் டிவிசன்ல இருந்து எழுதுறேன். போன கிழமை அந்திக்கு இடி இடிச்சுப் பேஞ்ச மழையில நாங்க குடியிருக்கிற லயத்துக்கு வர்ற ரோடு வளைவுல அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. இப்ப ஆட்டோ கோயிலடியோட நின்னுருது, அங்கருந்து அரிசி, கேஸ் சிலிண்டர் எல்லாம் தோள்ல தான், மாசமா இருக்கிற ஒரு தங்கச்சிய கிளினிக்குக்கு கதிரையில வச்சு நாலு பேரு அந்தச் சேத்துல தூக்கிட்டு இறங்கினத பாத்து எங்களுக்கு வயிறு கலங்கிருச்சு.

நீங்க வந்து பாத்தீங்க, கொங்ரீட் போட்டுத் தர்றோம்னு சொன்னீங்க, அதுக்கு நன்றி. ஆனா ஐயா, ரோட்ட ஒடச்சது, போக வழியில்லாம ரோட்டுல ஏறின தண்ணி. வளைவுக்கு அடியில இருக்கிற ஹியூம் பைப்ப குனிஞ்சு பாருங்க, மேல் மலையில தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டினப்ப விழுந்த மிலாறுக் குச்சியும் மண்ணும் பிளாஸ்டிக் போத்தலும் அடைச்சு வாய் ஒரு சாண் கூட தொறந்து இல்ல. கவ்வாத்து முடிஞ்ச மலையில எல மறைப்பு கிடையாது, மழை நேரா மண்ணுல அடிச்சு அத இழுத்துக்கிட்டு வருது, பைப்புல போக முடியாம ரோட்டுக்கு மேலால பள்ளத்துல குதிக்குது, விழுற எடத்துல அடிமண்ண அரிச்சு அரிச்சு கடைசியில தாரு வெறும் தகடு மாதிரி தொங்கி விழுது. அடிமண் இல்லாத எடத்துல கொங்ரீட் மட்டும் எப்பிடி நிக்கும்?

முந்தி தண்ணி ஓடுற கான் வெட்டுறதுக்குன்னே ஆளுக்குப் பேர் போட்டு நாள் சம்பளம் குடுப்பாங்களாம், பெரியவங்க சொல்றாங்க. இப்ப சபையில கேட்டா தோட்டத்து ரோடுங்கிறாங்க, தோட்டத்துல கேட்டா சபைக்கு எழுதுங்கங்கிறாங்க. 1987ம் வருசத்து பிரதேச சபைச் சட்டத்துல தோட்டத்துக்கு செலவழிக்க இருந்த தடங்கல 2018ல திருத்தியாச்சு, அதனால சபை இனி அந்தக் காரணத்த சொல்லக்கூடாது. மேல் மலைக் கானும் மிலாறும் தோட்டத்தோட பொறுப்பு, அதுல தொர ஐயா விலகிக்க வேணாம்.

இன்னொன்னு, ரோட்டுக்கு மேல மண்திட்டுல புதுசா ஒரு வெடிப்பு தெரியுது. கொஸ்லந்த மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29ம் தேதி மண்ணு சரிஞ்சு லயமே புதைஞ்சத யாரும் மறக்கல. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்கள கூப்பிட்டுக் காட்டுங்க, அவங்க பாத்த பெறகு தான் வேலையே தொடங்கணும்.

போன கிழமை பேஞ்சது சித்திரையில வர்ற இடி மழை தான். மே மாசக் கடைசியில தென்மேற்கு பருவமழை தொடங்கிருச்சுன்னா எங்க பக்கம் நாள்கணக்குல பேயும், அதுக்குள்ள அந்தப் பைப்ப தோண்டி எடுத்துட்டு பெரிய மதகா கட்டி, பள்ளத்துப் பக்கம் கல்லு அணை வச்சுத் தாங்க. கான் துப்புரவாக்க சிரமதானத்துக்கு எல்லா லயத்துலருந்தும் ஆள் வருவோம், மண் தோண்டுற பெக்கோ மெஷின் வர்ற தேதிய மட்டும் ஸ்டோர் நோட்டீஸ் போர்ட்ல ஒட்டுங்க.