"முதல்ல ஹெர்ட்ஸ் பாருங்க" என்றவருக்கு நன்றி

பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், அதனால்தான் இந்தப் பதிவு. 230 வோல்ட் தர வேண்டிய என் பெட்ரோல் ஜெனரேட்டர் லோடு இல்லாமலே 150-ஐத் தாண்டவில்லை. நானோ கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றப் போனேன். நீங்கள்தான் தடுத்தீர்கள்: "முதல்ல ஹெர்ட்ஸ் பாருங்க." மீட்டர் 51 காட்டியது; எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இந்த அலைவெண் 50-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அப்படியென்றால் எஞ்சின் வேகம் சரி, கோளாறு மின்பக்கம்.

எஞ்சினை நிறுத்தி, வோல்டேஜ் எழ உதவும் கெபாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கிய பிறகே என்னைத் தொடவிட்டீர்கள். (எனக்கு அது தோன்றவே இல்லை!) அளந்து பார்த்தால், அதன் கொள்ளளவு மேலே அச்சிட்டிருந்த மைக்ரோஃபாரட் அளவைவிட நன்றாகவே குறைந்திருந்தது. அதே மதிப்பில் புதியது போட்டதும் 232 வோல்ட்! நான் புது ஜெனரேட்டரே வாங்கக் கிளம்பியிருந்தேன். ரொம்ப நன்றி, அண்ணே.