டீச்சர், நீங்களும் பாடாங்குக்கு வாங்க

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். கல்யாணப் பந்தியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. “ரிட்டையர் ஆன டீச்சருங்க எல்லாம் சேர்ந்து பாடாங்குல காத்தைத் தடவுறீங்களாமே? நம்ம யோகா இருக்க, இது எதுக்கு?” என்றீர்கள். பாடாங்கில், அதாவது ஊர்த் திடலில், நாங்கள் ஆடும் தை சி என்னும் மெதுவான சீன உடற்பயிற்சியைத்தான் சொன்னீர்கள். நம் சுங்கை சிப்புட் ஊரில் இதையே கேட்க நினைப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அதனால் பதிலை எல்லாரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

எங்களில் ஒருவர்கூட தை சி மேல் ஆசைப்பட்டு வரவில்லை. கணக்கு டீச்சரை முழங்கால் வலி கொண்டுவந்து சேர்த்தது. அறிவியல் சாருக்கு இனிப்புநீர். கிளினிக்கில் “நடங்க, நடங்க” என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். எனக்குத் தோள்பட்டை. காலமெல்லாம் கரும்பலகையில் கையைத் தூக்கி எழுதியவர்களுக்கு அந்த வலி தெரியும். இன்னொருவர் வீட்டில் தனியாக இருக்க முடியாமல் வந்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெரிய ஆசான்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. செங் மான்சிங் என்று ஒருவர். ஓவியம் கற்பித்த வாத்தியார், கவிதை எழுதுவார், சீன வைத்தியமும் தெரியும். அவரை, தை சியில் யாங் பாணி என்னும் வகையின் ஆசான் யாங் செங்ஃபூவிடம் கற்க அனுப்பியது காசநோய். பின்னால் அவரே யாங் பாணியின் நீண்ட வரிசையை 37 அசைவுகளாகச் சுருக்கி, தைவானிலும் 1964 முதல் நியூயார்க்கிலும் சொல்லிக்கொடுத்தார். சிட்னியில் டாக்டர் பால் லாம் இருக்கிறார். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்தவர். தனக்குப் பலன் கிடைத்ததும், உயரமாக நின்று ஆடும் சுன் பாணி என்னும் இன்னொரு வகையை அடிப்படையாக வைத்து, மூட்டுவலிக்காரர்களுக்கென்றே 1997-இல் ஒரு பயிற்சி அமைத்தார். வலிதான் இவர்களைக் கொண்டுவந்தது. வலி குறைந்த பிறகும் விடாமல் ஆடினார்கள் பாருங்கள், அதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் நாட்டுக்கு நெருக்கமானவர் ஹுவாங் ஷெங் ஷியான். அவர் நோயாளியாக வரவில்லை. வெள்ளைக் கொக்குச் சண்டைக்கலையில் தேர்ந்த ஆசான். அப்படிப்பட்டவர் தைவானில் செங் மான்சிங்கைக் கண்டு, முதலிலிருந்து மாணவனாக உட்கார்ந்தார். 1950-களில் சிங்கப்பூர் வந்து, பிறகு மலேசியாவில் ஊர் ஊராகப் பள்ளிகள் தொடங்கினார். 1970-இல் கூச்சிங்கில் நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில், 60 வயதில், ஒரு மல்யுத்த வீரரை எதிர்கொண்டு 26–0 என்று ஜெயித்தார். கிழவிகள் ஆட்டம் என்று சொல்பவர்களுக்காக இந்தக் கணக்கை வைத்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வெற்றி அல்ல. தனக்கென்று மாணவர்களை வைத்திருந்த ஒருவர் போய்ப் பின்வரிசையில் நின்றாரே, அதுதான்.

நம்மால் அது முடிகிற காரியமா? எங்கள் பழைய தலைமையாசிரியர் முதல் நாள் வந்ததும் நேராகப் போய், சொல்லிக்கொடுப்பவருக்குப் பக்கத்தில், எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். சபை கூடியிருக்கிறது, பேச வேண்டும் என்று கால் தானாக அங்கே போய்விட்டது போல. சிரிப்பை அடக்குவதற்குள் பட்ட பாடு! இன்று அவர்தான் கடைசி வரிசை. “மத்தவன் செய்றது சரியா தப்பான்னு பார்க்க வேண்டாத இடம் இது ஒண்ணுதான்” என்கிறார். நம் ஆயுசில் பாதி மற்றவர் தவற்றில் வட்டம் போட்டே போயிற்று. தப்பாகச் செய்கிற சுகம் இந்த வயதில்தான் கிடைத்திருக்கிறது.

சொல்லிக்கொடுப்பவர் சீனப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. சீனத்தில் ஆசிரியர் என்று பொருள்படும் லாவ்ஷி என்றே எல்லாரும் கூப்பிடுகிறோம். எங்களோடு மலாயில்தான் பேசுவார். ஆடுவது 24 அசைவுகள் கொண்ட வரிசை. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் பாணியிலிருந்து எடுத்து எளிமையாக்கியது. முழுதாக ஆடினாலும் ஐந்தாறு நிமிடம்தான். அதில் ‘மேகக் கைகள்’ வரை எட்டவே எங்களுக்கு மாதக் கணக்கில் ஆனது.

ஒரே ஒரு அடியை மட்டும் சொல்கிறேன். முழு எடையும் வலது காலில். இடது காலை எடுத்து முன்னே வைக்க வேண்டும், குதிகால் மட்டும் புல்லைத் தொட வேண்டும், அதில் எடை கொஞ்சமும் இருக்கக் கூடாது. லாவ்ஷி வந்து உங்கள் பாதத்துக்கு அடியில் ஒரு நாளிதழை நுழைத்து இழுத்துப் பார்ப்பார். சிக்காமல் வந்தால் சரி. அதற்குப் பிறகுதான் பாதம் மெதுவாகப் படியும், எடை அந்தப் பக்கம் போகும். நாம் சாதாரணமாக நடக்கும்போது காலை வைப்பதில்லை டீச்சர், காலின் மேல் விழுகிறோம். அந்த விழுதலைத்தான் இது நிறுத்துகிறது. உங்கள் கேள்விக்குப் பதிலும் இங்கே இருக்கிறது. யோகாவை நான் குறை சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து எழ முடிந்தவர்கள் தாராளமாகச் செய்யட்டும். என்னால் பாயிலிருந்து எழ இரண்டு பேர் வேண்டும். தை சி முழுக்க நின்றபடி, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுகிற வேலை. குளியலறையில் வழுக்கும்போது கைகொடுப்பது அதுதானே.

இது என் கற்பனை இல்லை. முதியவர்கள் கீழே விழுவதைத் தடுக்கும் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2019-இல் வந்தது. தை சி விழுவதை 19 சதவீதம் வரை குறைக்கலாம் என்று அதில் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. வாரம் இரண்டு முறை, 24 வாரம் ஆடியவர்களுக்கு உடல் சமநிலை நன்றாகத் தேறியது. மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. முழங்கால் சரியில்லாதவர் ரொம்பத் தாழ்ந்து நின்றால் வலி கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘சீ’ என்னும் உயிராற்றல் பற்றி லாவ்ஷி பேசும்போது நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். நம்பினால்தான் ஆடலாம் என்று சட்டம் இல்லை. மந்திரம், பூசை எதுவும் கிடையாது. மலாய்ப் பள்ளியில் இஸ்லாமியச் சமயம் கற்பிக்கும் உஸ்தாசா ஒருவரும் தூடோங் என்னும் முக்காடு அணிந்து எங்களோடு ஆடுகிறார்.

சரி, பிடித்துப் போனது எப்போது? மற்றவர்கள் கதை எனக்குத் தெரியாது, என் கதையைச் சொல்கிறேன். கையைத் தள்ளும் அசைவில் நான் தோளை இறுக்கிக்கொண்டே இருந்தேன். லாவ்ஷி என் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டி, “ஜாங்ஙான் பாக்காய் தாங்ஙான், பாக்காய் பிங்காங்” என்றார். கை வேண்டாம், இடுப்பு போகட்டும் என்று. அந்த நிமிடம் எனக்கு அம்மாவின் ரப்பர் பால்வெட்டு ஞாபகம் வந்தது. நீங்களும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பார்த்திருப்பீர்கள். கத்தி பட்டையில் ஓடும்போது ஆளும் முழங்காலை மடக்கி மரத்தைச் சுற்றி நகர வேண்டும். மணிக்கட்டால் இழுத்தால் ஆழமாக இறங்கி மரம் காயப்படும், கங்காணியிடம் திட்டு விழும். அம்மா வெட்டும்போது கை அசைந்த மாதிரியே தெரியாது, உடம்புதான் போகும். அவருக்குப் பிழைப்புக்காக வந்தது எனக்குப் பென்ஷன் வாங்கிய பிறகு வருகிறது. அன்றிலிருந்து மழை நாளில்கூட மனம் வீட்டில் நிற்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1948-இல் தோட்டத் துரைகள் மூவர் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியதே நம் ஊரில்தான். லாவ்ஷியின் பெற்றோரை முள்கம்பி போட்டுச் சீனர்களைக் குடியமர்த்திய புதுக்கிராமத்தில் அடைத்தார்கள். நம் லயங்களையும் வேலிக்குள் வைத்து அரிசியை அளந்து கொடுத்தார்கள் என்று தாத்தா சொல்வார். வேலி போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தும் புதுக்கிராமத்துக்காரர்கள் விடியற்காலையில் என்ன செய்கிறார்கள் என்று, பத்து நிமிட தூரத்தில் இருந்த நாம் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அவர்களும் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு. இப்போது ஆட்டம் முடிந்ததும் கோப்பிக்கடையில் ஒரே மேசை. லாவ்ஷிக்கு நம் கடைத் தோசையின் மேல் உள்ள பிரியத்தைப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள்.

ஆக, திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாருங்கள். சேலை வேண்டாம், பஞ்சாபி உடை வசதி. விளையாட்டுப் போட்டிக்கு வாங்கி வைத்த அந்த வெள்ளைப் பாத்தா காலணி இன்னும் இருந்தால் அதுவே போதும், அடிப்பாகம் தட்டையாக இருக்கும். விலை கூடிய ஓட்டக் காலணி எதுவும் வாங்கிவிடாதீர்கள். மழை பெய்தால் மண்டபத் தாழ்வாரத்தில் ஆடுவோம். மகனைக் காருக்குக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், ஆறே முக்காலுக்கு நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வகுப்பு டீச்சர்