லாரெயோவ்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஆயிரம் வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் உங்களை 'லாரெயோவ்' என்று அழைத்திருப்பார்கள். 'லார்' என்றால் கல்வி, 'தெயோவ்' என்றால் அடிமை, ஊழியன். இரண்டும் சேர்ந்து, வாயில் தேய்ந்து அப்படி ஆனது. கல்விக்கு ஊழியம் செய்பவர். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களை நினைத்துப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

நான் கேட்பது இதுதான். 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு இருந்த இது போன்ற பழைய ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தமிழில் ஒரு கலைச்சொல் சொன்னால் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். படிப்புக்கான இன்றைய சொற்களோடுதான் ஆங்கிலம் பிறந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிராமர், டாக்டர், ஜட்ஜ், அஸ்ட்ரானமி எல்லாமே லத்தீனும் கிரேக்கமும் பிரெஞ்சும் கொடுத்தவை. அந்த இடங்களில் ஆங்கிலத்துக்குச் சொந்தச் சொற்கள் இருந்தன.

ஏல்ஃப்ரிக் என்ற துறவி கி.பி. 1000-ஐ ஒட்டி, மடத்தில் படித்த சிறுவர்களுக்காக ஒரு லத்தீன் இலக்கணம் எழுதினார். எழுதியது ஆங்கிலத்தில். இலக்கணத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்டாஃப்கிராஃப்ட்', அதாவது எழுத்துத் திறன். நவுன் என்பதற்கு 'நாமா'. பெயர் என்றுதான் அர்த்தம். நாமும் பெயர்ச்சொல் என்றுதானே சொல்கிறோம்! கணக்கு 'ரீம்கிராஃப்ட்', வானியல் 'டுங்கோல்கிராஃப்ட்'. 'ரீம்' எண், 'டுங்கோல்' விண்மீன். சின்னப் பையனுக்கும் சொல்லைப் பிரித்தாலே பொருள் கிடைத்துவிடும்.

மருத்துவருக்கு 'லேச்செ' என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல் செத்துப்போனாலும் அதன் உறவுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் இன்றைக்கும் மருத்துவரைக் குறிக்கும் சொல் அதே வேரிலிருந்து வந்ததுதான். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்தாம் நூற்றாண்டு மருத்துவச் சுவடி ஒன்று இருக்கிறது. அதில் உள்ள ஒரு கண் மருந்தை நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அப்படியே செய்து பார்த்தார்கள். பூண்டு, வெங்காய இனத்துச் செடி, ஒயின், மாட்டுப் பித்தநீர். கலந்து ஒன்பது நாள் வைக்க வேண்டும். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமியை அது ஆய்வகத்தில் கொன்றது என்று 2015-இல் அறிவித்தார்கள். எளிய சொற்களில் எழுதியதால் அறிவு எளிதாகிவிடாது என்பதற்கு இதைத் தாராளமாக வகுப்பில் சொல்லலாம்.

அதிகாரிகளின் பெயர்களில் சில தப்பிப் பிழைத்தன. 'ஷீர்யெரேவா' என்றால் ஒரு வட்டாரத்துக்கு மன்னர் வைத்த மணியக்காரர். நார்மன்களுக்கும் அந்த ஆள் தேவைப்பட்டார். அவர்தான் இன்றைய ஷெரிஃப். நீதி சொல்பவர் 'டேமா'. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மேன் தீவில் நீதிபதிகளை இப்போதும் 'டீம்ஸ்டர்' என்கிறார்கள், அதே வேர்தான். 'எயால்டோர்மன்' என்றால் மூத்தவர், நம் ஊரில் பெரியதனக்காரர் என்போமே, அது மாதிரி. அது நகர மன்றத்தின் மூத்த உறுப்பினரைக் குறிக்கும் ஆல்டர்மேன் ஆகி, கப்பலேறி, 1688-இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது 12 ஆல்டர்மேன்களாக நம் ஊருக்கே வந்து இறங்கியது.

பாடத்திட்டம் நெருக்குகிறது, தேர்வு இருக்கிறது, தெரியும். சரி, வருடத்தில் ஒரு பீரியட் போதும். கரும்பலகையில் ஸ்டாஃப்கிராஃப்ட் என்று எழுதி, பிரித்துக் காட்டி, தமிழில் இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அப்புறம் லாரெயோவ் என்று எழுதி, அதற்கு என்ன பொருள் என்று அவர்களையே யூகிக்க விடுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவன்