வளவுக்குள் வந்த பிள்ளைகள்

ராயவரம்,
தை, 2019

அன்புள்ள சிகப்பிக்கு,

மெய்யம்மை எழுதுகிறேன். நானும் சின்னாத்தாவும் நலம். நீயும் உங்கள் வீட்டு அண்ணனும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? போனில் கூப்பிடும்போதெல்லாம் "புயலில் வீடு என்ன ஆச்சு" என்று கேட்கிறாய். நானும் "நிக்குதுடி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். சாவகாசமாகச் சொல்ல வேண்டிய கதை அது, போனில் அடங்காது. பொங்கல் வேலையெல்லாம் முடிந்து இப்போதுதான் கை ஓய்ந்தது.

புயலுக்கு அப்புறம், அங்கே ஹார்வி புயல் வந்தபோது நீ எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். 2017 ஆகஸ்ட் 25-இல் டெக்சாஸ் கரையில் ஏறி, மேலே நகராமல் அங்கேயே நின்று கொட்டியது, உங்கள் மாநிலத்தில் ஓர் ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை என்று எழுதியிருந்தாய். நம் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது. அது போதாதென்று ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கத்திலிருந்தும் தண்ணீரைத் திறந்துவிட, மழைக்குத் தப்பிய உன் வீட்டுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்தது. இதெல்லாம் அப்போதே எனக்குப் புரிந்தது. முன்பின் தெரியாத சர்ச் ஆட்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து, உன் வீட்டுச் சுவரை நாலடி உயரத்துக்கு அறுத்துத் தெருவோரம் குவித்தார்கள், நீ பார்த்துக்கொண்டு நின்றாய் என்றாயே, அதுதான் பிடிபடவில்லை. "வந்தவன் சுவரை உடைக்கிறான், இவ சும்மா நிக்கிறாளா?" என்று சின்னாத்தாவே கேட்டார்.

உங்கள் சுவர் ஜிப்சம் அட்டை, உள்ளே பஞ்சு. தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உடனே பிய்த்து எடுத்து உள்ளேயிருக்கும் மரச்சட்டத்தைக் காய வைக்காவிட்டால் வீடு முழுக்கப் பூஞ்சை ஏறிவிடும் என்று நீ விளக்கியிருந்ததைச் சின்னாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "அட்டையில வீடு கட்டுனா அப்படித்தான்" என்று முடித்துவிட்டார். நம் வீட்டைப் பற்றி அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பூம்புகாரைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்தவர்கள் நாம், அந்தப் பயத்தில்தான் வீட்டை இத்தனை படி உயர்த்திக் கட்டினார்கள் என்று ஐயா சொல்வது உனக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீருக்குப் பயந்து கட்டிய வீடு இது. காற்றுக்கு யார் பயந்தார்கள்?

இங்கே கஜா புயல் வந்தது ஐப்பசிக் கடைசியில். வியாழன் ராத்திரி படுத்தோம். நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, தஞ்சாவூரையும் புதுக்கோட்டையையும் உழுதுகொண்டு மேற்கே போனது. கடல் எங்கே, நாம் எங்கே? இவ்வளவு தூரம் உள்ளே வந்தும் அதற்கு வேகம் குறையவில்லை. பின்கட்டில் நின்ற வேம்பு வேரோடு பெயர்ந்து இரண்டாங்கட்டுக் கூரைமேல் சாய்ந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. விடிந்து பார்த்தால், நடு முற்றமான வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் தெற்குப் பக்கம் பாதி ஓடு இல்லை. அடுக்கடுக்காகப் பாவிய நாட்டு ஓடு முற்றமெல்லாம் சில்லுச் சில்லாகக் கிடக்கிறது. தேக்குக் கைமரம் இரண்டு முறிந்து தொங்குகிறது. ஆத்தங்குடிக் கல் தெரியாத அளவுக்குச் சேறும் இலையும். கரண்ட் இல்லை, டவர் இல்லை. எழுபது பேர் புழங்கிய வீட்டில் கிழவிகள் இரண்டு பேர்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னந்தோப்பு தோப்பாகவே படுத்துவிட்டது. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் என்று அறிவித்தது. பிள்ளையாட்டம் வளர்த்த காய்க்கிற மரம் அது, அதற்கு இது என்ன கணக்கு என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். குடிசைக்காரர்களுக்கு அந்தக் கணக்குப் பார்க்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. லாரி லாரியாகச் சாமான் போனது. அதிலும் பாதி பழந்துணி. அறந்தாங்கி ரோட்டோரம் மூட்டை மூட்டையாக நனைந்து கிடந்ததைப் பார்த்தேன். ஒரு மண்வெட்டியும் அதைப் பிடிக்க ஒரு ஆளும் வந்திருந்தால் அந்த லாரியைவிட உபயோகமாக இருந்திருக்கும்.

நம் வீட்டுக்கு ஆள் வந்த கதை இதுதான். பாத்திரம் துலக்க வரும் பெண் மாதா கோயில்காரி. அவள் போய்ப் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். தேவகோட்டைப் பக்கத்து இளைஞர்கள் கொஞ்சம் பேர் கடலோரத்து ஊர்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், ஒரு நாள் காலையில் வேனோடு வாசலில் நிற்கிறார்கள். கூட ஒரு கன்னியாஸ்திரி, சிஸ்டர் என்கிறார்கள். கையில் மரம் அறுக்கும் மிஷின், கடப்பாரை, வடக்கயிறு, தார்ப்பாய். "எங்களைவிட இல்லாதவங்க இருக்காங்கப்பா, அங்க போங்க" என்றேன். "அங்கேருந்துதான் வர்றோம் ஆச்சி" என்று ஒரு பையன் சொன்னான். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

சின்னாத்தா முகப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்த ஊர், யார் பிள்ளைகள், என்ன ஆளுக என்று விசாரணை. கல்யாணம் காரியம் என்றால்கூட வெளியாட்கள் முன்கூடமான பட்டாலையைத் தாண்டாத வீடு இது, உனக்குத் தெரியாததா? இரண்டாங்கட்டு, சாமான் அறை, சாமி அறை என்று கண்டவர்களை உள்ளே விடுவதா என்பது அவர் கவலை. எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, சாதிக்காக இல்லை. ஒட்டடையும் எலிப்புழுக்கையுமாகக் கிடக்கும் பின்கட்டை நாலு பேர் பார்க்கப்போகிறார்களே என்று. முகப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு, பின்னால் விழுந்து கிடப்பதைப் பூட்டி வைக்கிற வீடுகள்தானே இந்த ஊரில் பாதி. நீ உன் வீட்டுச் சுவரை அறுக்க விட்டுவிட்டு நின்றாயே, எப்படி நின்றிருப்பாய் என்று அப்போதுதான் நினைத்தேன்.

வந்தவர்கள் எடுத்ததும் எதையும் தொடவில்லை. சிஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினார். எது முதலில், எதை யார் தொடக்கூடாது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சாமி அறைப் பக்கம் வந்ததும் தானாகவே நின்று, "இது நீங்க பார்த்துக்கிறீங்களா, இல்ல வெளியில இருந்து தார்ப்பாய் மட்டும் கட்டவா?" என்றார். இதைச் சின்னாத்தா காதில் வாங்கிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் விசாரணை ஓய்ந்தது.

மரத்தை அறுத்தவன் நல்ல தேர்ந்த கை. அடிமரத்தில் கையே வைக்கவில்லை. முதலில் கிளைகளைக் கழித்து, பாரத்தைக் கயிற்றில் ஏற்றிக் கட்டி, துண்டு துண்டாகத்தான் இறக்கினான். மொத்தமாக இழுத்தால் மிச்சக் கூரையும் கூட வந்துவிடுமாம். ஓடு இறக்கியது அதைவிட அழகு. கூரைமேல் ஒருவன், ஏணியில் இருவர், கீழே வரிசையாக மற்றவர்கள். உடையாத ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றி வளவு ஓரத்தில் சாய்த்து அடுக்கினார்கள். விரலால் தட்டிப் பார்த்து, கணீரென்றால் ஒரு பக்கம், மொத்தையாகக் கேட்டால் ஒரு பக்கம். இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? முகப்பிலிருந்து எழுந்து வந்த சின்னாத்தாதான். தரையில் ஒரு பையன் ஆசிட் ஊற்றப் போனான். பதறிப்போய்த் தடுத்தேன். ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் பட்டால் பூவெல்லாம் போய்விடுமே. வெறும் தண்ணீரும் தேங்காய் நாருமாகத் தேய்த்தார்கள்.

கேள், சங்கடம் எங்கே வந்தது என்று. தெற்குப் பக்கம் மூன்றாவது அறை பினாங்கில் இருக்கும் பெரியப்பச்சி மகனுடைய பங்கு. பூட்டிப் பல வருஷம். மேலே ஓடு போய்விட்டது, கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து வருகிறது. சாவி பினாங்கில். பையன்கள் பூட்டை உடைக்கத் தயார். நானும் சரி என்றேன். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க வீட்டுக்காரங்கதான் ஆச்சி, ஆனா இந்த அறைக்காரர் சொல்லணும்" என்று ஒரே பிடி. மேலே தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, டவர் கிடைக்கும் இடம் தேடி ஒரு பையனை பைக்கில் அனுப்பி, வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு, பதில் வாங்கிக்கொண்டு வந்தபிறகுதான் பூட்டில் கை வைத்தார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் பங்காளிகளுக்குள் ஒரு பித்தளைக் குடத்துக்காகப் பேச்சுவார்த்தை நின்ற வீடுகளை நீயும் நானும் பார்த்திருக்கிறோம்.

உள்ளே பெரியாத்தாவின் சீர் சாமான் அத்தனையும் இருந்தது. எனாமல் கூஜா, பெயர் வெட்டிய பித்தளைத் தவலைகள், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி, அடியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பேரேடுகள். எல்லாவற்றையும் வளவில் பரப்பி, சிஸ்டர் ஒவ்வொன்றாக எழுதி, நான் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளையும் போட்டோ எடுத்துப் பினாங்குக்கு அனுப்பினோம். உன்னிடமும் வேலை ஆரம்பிக்குமுன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? "இலவசமாகச் செய்ய வந்தவர்களுக்கு எதற்குப் பத்திரம்" என்று அப்போது நான் கேட்டிருந்தேன். எதற்கு என்று இப்போது கேட்க மாட்டேன்.

பேரேடுகள்தான் பாவம். ரங்கூன் கடைக் கணக்கு, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிக் கிடந்தன. பையன்கள் குப்பை என்று ஓரமாக வைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண், கல்லூரியில் படிக்கிறாளாம், அவள் மட்டும் அதை விடவில்லை. தாழ்வார நிழலில் உட்கார்ந்துகொண்டு, ஈரத் தாளை இழுக்காமல், முதுகுப்பக்கத்தைப் பிடித்து லேசாக அசைத்து, விட்டுக்கொடுக்கிற இடத்தில் மட்டும் பழைய செய்தித்தாளைச் செருகினாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் செய்தித்தாளை எடுத்துவிட்டு வேறு தாள். சாயங்காலம் வரை அதே வேலை. மூன்று பேரேடு பிழைத்தது. எழுத்து இன்னும் படிக்க வருகிறது. வட்டிக்கணக்கு எப்போதும் போல அவ்வளவு சுத்தம்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டாமா? மிக்ஸி கிடையாது. அம்மியில் அரைத்துப் புளிக்குழம்பும், வெண்டைக்காய் மண்டியும், அப்பளமும். சின்னாத்தாவே வளவில் இலை போடச் சொல்லிவிட்டார். கூரையில் இருந்த பையன் இறங்கவில்லை என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அப்புறம் "என்ன ஆளுக" என்ற பேச்சே இல்லை, "எத்தனை ஆளு" என்று மட்டும்தான். போகும்போது கவரில் பணம் வைத்து நீட்டினேன், வாங்கவில்லை. மாதா கோயிலுக்காவது என்றேன், அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்கள். உனக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்ட பைபிள் கொடுத்துவிட்டுப் போனார்களே, இவர்கள் அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை, ஜெபம் செய்யட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேன். அந்தப் பைபிளை மீனாட்சி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதாகச் சொன்னாயே, நல்ல காரியம்.

பிப்ரவரியில் ஓரியூர்த் திருவிழாவுக்கு வரச் சொன்னார்கள். 1693 பிப்ரவரி 4-இல் பாதிரியார் அருளானந்தரை வெட்டிய இடம். அங்கே மண்ணே சிவப்பாக இருக்கும் என்பார்கள். சின்னாத்தா, "போவோம், ஆனா நம்ம பலகாரம் எடுத்துக்கிட்டுப் போவோம்" என்கிறார். மனோலம் செய்யக் கை வரவில்லை, சீப்புச் சீடை போதும் என்று முடிவு.

பிள்ளையார் நோன்புக்குள் வளவு ஒழுங்காகிவிட்டது. இழை எடுக்க அக்கம்பக்கத்து ஆச்சிமார் எல்லோரும் வந்தார்கள், தெற்குத் தாழ்வாரத்துக்குமேல் நீலத் தார்ப்பாய் பறந்துகொண்டிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரவர் வீட்டிலும் அதே நீலம்தானே.

இனிக் கூரை வேலை. நாட்டு ஓடு புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. காரைக்குடியில் இடித்த வீட்டு ஓடு வருகிறது என்று கொத்தனார் சொல்கிறார். யாரோ வீட்டை இடித்த ஓட்டை வாங்கித்தான் நம் வீட்டை மூட வேண்டியிருக்கிறது. பினாங்குக்காரர் தன் பங்குச் செலவை அனுப்பிவிட்டார். மற்ற பங்காளிகளில் இன்னும் மூன்று பேரிடமிருந்து பதில் இல்லை. உன் தம்பியும் அதில் ஒருவன், ஞாபகப்படுத்து.

இன்னொன்று. உங்கள் வீட்டு மரச்சட்டத்தில் பூஞ்சைக்கு ஏதோ மருந்து அடித்தார்கள் என்றாயே, அதன் பெயரை எழுதி அனுப்பு. பெரியாத்தா அறையில் சாமான் மரத்திலெல்லாம் வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. தேக்குக்கு ஆகுமா என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
மெய்யம்மை